'நம்ம ஏரியா அண்ணன்'... பாண்டிச்சேரியில் ரவுடிகளை யார் வளர்க்கிறார்கள்?

இன்ஸ்டாகிராமில் 'பாண்டிச்சேரி' என்று தேடிப் பாருங்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூ, வாடகை ஸ்கூட்டி, பீச் ரோட்டில் சூரிய உதயம். நானும் அப்படி நாலைந்து போட்டோ போட்டிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அது வேற பாண்டிச்சேரி. 2023 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. எங்கள் ஃபேமிலி குரூப்பில் ஒரு சி.சி.டி.வி கிளிப் வந்து விழுந்தது. வில்லியனூரில் ஒரு பேக்கரி வாசல். நாட்டு வெடிகுண்டு வீசுகிறார்கள், புகை கிளம்புகிறது, ஓடிவந்து வெட்டுகிறார்கள். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. கொலையானவர் பா.ஜ.க-வின் மங்கலம் தொகுதிப் பொறுப்பாளர், உள்துறை அமைச்சர் நமச்சிவாயத்தின் உறவினர். மறுநாளே ஏழு பேர் திருச்சி நீதிமன்றத்தில் சரணடைந்தார்கள். பிறகு வழக்கு என்.ஐ.ஏ கைக்குப் போனது.

அந்த கிளிப்புக்குக் கீழே எங்கள் குடும்பம் என்ன சொன்னது? சித்தப்பா: "எல்லாரையும் என்கவுன்டர்ல போட்டாதான் திருந்துவாங்க." அத்தை: கும்பிடு எமோஜி மூன்று. அண்ணன் முறை வரும் ஒருத்தன்: "செம பிளானிங்." அரை மணி நேரத்தில் யாரோ குட் நைட் ரோஜாப்பூ அனுப்ப, டாபிக் முடிந்தது.

'இந்த ரவுடிகளைப் பத்தி பாண்டிச்சேரி மக்கள் என்ன நினைக்கிறாங்க?' என்று எடிட்டர் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நாலு மெசேஜ்தான். பயம், கோபம், கொஞ்சம் ரசனை, அப்புறம் மறதி. ஆனால், எழுத உட்கார்ந்தபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பெரியம்மா வீட்டுக் கேசரி

எங்கள் பெரியம்மாவுக்கு ஒரு சின்ன வீடு உண்டு. வாடகைக்கு விட்டிருந்தார். குடியிருந்தவர் ஒரு கட்டத்தில் வாடகையும் தரவில்லை, காலியும் செய்யவில்லை. வக்கீல் நோட்டீஸ், கோர்ட், வாய்தா என்று மூன்று வருஷம் ஓடியது. பெரியப்பாவின் பென்ஷனில் பாதி வக்கீல் ஃபீஸுக்கே போனது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர், "எதுக்கு கோர்ட்டுக்கு அலையிறீங்க? நம்ம ஏரியா அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்" என்றார்.

சொன்னார்கள். நாலாவது நாள் வீடு காலி. யாரையும் அடிக்கவில்லை, மிரட்டக்கூட இல்லையாம். பசங்க நாலு பேர் பைக்கில் வந்து வாசலில் சும்மா நின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். அன்றைக்குப் பெரியம்மா வீட்டில் கேசரி. நானும் சாப்பிட்டேன். அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். 'பரவால்லையே, அண்ணன் நல்லவரா இருக்காரே' என்று நினைத்ததும் உண்மை.

ஆறு மாசம் கழித்து, அண்ணன் பிறந்தநாள் பேனருக்கு நன்கொடை கேட்டு வந்தார்கள். அடுத்து கோயில் திருவிழா. தேர்தல் வந்தபோது காலியாக இருந்த அதே வீட்டின் முன் அறையை, "ஒரு மாசம்தான் பெரியம்மா, பூத் வேலைக்கு" என்று கேட்டார்கள். இல்லையென்று சொல்லும் தைரியம் பெரியப்பாவுக்கு இல்லை. காலி பண்ணிக் கொடுத்த கைக்குக் குடியேறத் தெரியாதா என்ன?

இதில் எங்கள் குடும்பம் ஒன்றும் விதிவிலக்கு இல்லை. நிலத்தகராறு, வட்டிப் பஞ்சாயத்து, பிரான்ஸில் இருக்கும் சொந்தக்காரரின் பூட்டிக் கிடக்கும் வீடு, மகளின் பின்னால் சுற்றுகிற பையன் என்று எதற்கும் இந்த ஊரில் ஒரு அண்ணனின் நம்பர் யாரிடமாவது இருக்கும். அரசியல் ஆய்வாளர் மிலன் வைஷ்ணவ் 2017-ல் எழுதிய 'வென் கிரைம் பேஸ்' புத்தகத்தின் மையமே இதுதான். குற்ற வழக்கு உள்ளவர்களுக்கு மக்கள் தெரியாமல் ஓட்டுப் போடுவதில்லை, தெரிந்தேதான் போடுகிறார்கள் என்கிறார் அவர். அரசாங்கம் செய்துகொடுக்காத வேலையை 'நம்மாளு' முடித்துக்கொடுப்பார் என்ற நம்பிக்கை. அவர் ஆராய்ந்த மக்களவைத் தேர்தல்களில், வழக்கு உள்ள வேட்பாளர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 18 சதவிகிதம், வழக்கு இல்லாதவருக்கு 6 சதவிகிதம். கட்சிகள் ஏன் இவர்களைத் தேடிப் போகின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால், பாண்டிச்சேரிக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது.

குட்டித் தொகுதியின் பெரிய கணக்கு

புதுச்சேரி சட்டமன்றத்தில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 30. 2021 தேர்தலில் மொத்த வாக்காளர்கள் சுமார் 10 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு தொகுதிக்கு சராசரியாக 33,000 பேர். அதே 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு தொகுதியின் சராசரி இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. சோழிங்கநல்லூரில் மட்டுமே அப்போது ஆறு லட்சத்துக்கும் மேல். அதாவது, சென்னையில் ஓரிரு வார்டுகளில் இருக்கிற கூட்டம்தான் இங்கே ஒரு எம்.எல்.ஏ-வின் மொத்த உலகம்.

இவ்வளவு சின்ன தொகுதியில் நூறு ஓட்டுக்கும் விலை உண்டு. 2021-ல் ஏனாமில் முதல்வர் வேட்பாளர் ரங்கசாமியே 655 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். (ஏனாம் ஆந்திரா பக்கம் இருக்கிறது. அங்கே ரவுடி கதை எதுவும் இல்லை, வித்தியாசம் எவ்வளவு மெல்லிசு என்பதற்காகத்தான் சொல்கிறேன்.) இப்போது, சோழிங்கநல்லூரில் 50 பசங்களைக் கையில் வைத்திருக்கும் ஒரு 'அண்ணன்' கடலில் கரைத்த பெருங்காயம். 33,000 பேர் உள்ள தொகுதியில் அதே 50 பேர் என்றால்? ஆளுக்கு ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு ஃப்ரெண்ட்ஸ் கூட்டம். ஊர்வலத்துக்கு பைக், பூத்துக்கு ஆள், ராத்திரி பட்டுவாடாவுக்குக் காவல். எந்தக் கட்சியாலும் அவரை 'வேண்டாம்' என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் ரொம்பவே உறுத்துகிறது. எனக்கு வயது 28. இதுவரை ஒரு கவுன்சிலர் தேர்தலில் நான் ஓட்டுப் போட்டதே இல்லை. நான் மட்டுமில்லை, பாண்டிச்சேரியில் என் வயதில் யாருமே போட்டதில்லை. இங்கே கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். அதற்கு முன்னால் 1968. நடுவில் 38 வருஷ இடைவெளி. 2006-ல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது, அதற்குப் பிறகு ஐந்து நகராட்சிகளும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையில்தான். 2021 அக்டோபரில் நடத்த அறிவிப்பு வந்து, இட ஒதுக்கீட்டுப் பிரச்னையில் நின்றுபோனது.

சாக்கடை அடைத்தால், தெரு விளக்கு எரியாவிட்டால், முதியோர் பென்ஷன் ஃபார்ம் பூர்த்தி செய்ய வேண்டுமென்றால் யாரிடம் போவது? எம்.எல்.ஏ-விடம்தான். எம்.எல்.ஏ-வைப் பார்க்க யாரிடம் போவது? அவருக்கு 'வேண்டப்பட்ட' பையனிடம். கவுன்சிலர் உட்கார வேண்டிய நாற்காலி 2011-லிருந்து காலியாக இருக்கிறது. அண்ணன் அதில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளாட்சித் தேர்தல் நடந்தால் ரவுடிகள் மறைந்துவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கவுன்சிலர்களிலேயே நாலு பேர் அண்ணன்களாக இருக்கலாம். ஆனால், ஓட்டு கேட்டு வர வேண்டியவனிடம் 'ஏன்டா செய்யல?' என்று கேட்கலாம். அண்ணனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா?

ஒரு அண்ணன் உருவாகும் விதம்

எல்லா அண்ணனும் ஒரு காலத்தில் தம்பிதான். கிரிக்கெட் டீம், கோயில் திருவிழா, பிடித்த நடிகரின் கட்அவுட் என்று ஆரம்பிக்கும். ஏதோ ஒரு திருவிழாத் தகராறில் முதல் கேஸ். ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் அந்த 18, 19 வயதுப் பையனைப் பார்க்க வீட்டில் இருந்து வருவதற்கு முன்னால் கட்சிக்காரர் ஒருவர் வருகிறார். வக்கீல் அவர் செலவு, ஜாமீனும் அவர் செலவு. பெற்றவர்கள் 'என் முகத்துல முழிக்காதே' என்று சொல்லும் நேரத்தில் தோளில் கை போடும் ஒருவரை அந்தப் பையன் எப்படி மறப்பான்?

அதற்கப்புறம் வருமானத்துக்கு வழி இருக்கிறது. தொழிற்பேட்டைகளில் பழைய இரும்பு எடுக்கும் ஒப்பந்தம், மனை விற்பனையில் கமிஷன், கடைகளில் மாமூல், சாராயம், இப்போது கஞ்சா. பங்கு பிரிப்பதில் தகராறு வந்தால் கொலை, கொலைக்குப் பழியாக இன்னொரு கொலை. 2017 ஜனவரி 3-ம் தேதி காரைக்கால் நிரவியில் முன்னாள் சபாநாயகர் வி.எம்.சி.சிவக்குமார் பட்டப்பகலில் வெடிகுண்டு வீசிக் கொல்லப்பட்டார். சாராயத் தொழிலில் தொடங்கிய பழைய பகை ஒன்றுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கே அந்தக் கதி. கொஞ்சம் யோசித்தால் முதுகுத்தண்டு சில்லிடும்.

போலீஸ் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதிகாலையில் ரவுடிகள் வீட்டில் சோதனை, குண்டர் சட்டம், 'ஊருக்குள் நுழையக் கூடாது' என்று கலெக்டரின் தடை எல்லாம் நடக்கிறது. ஆனால், நம்ம ஊரின் மேப் தெரியும்தானே? முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம். கோரிமேட்டைத் தாண்டினாலும் தமிழ்நாடு. ஊரை விட்டு ஒதுக்கப்பட்டவர் டீ குடிக்கும் நேரத்தில் பைக்கில் எல்லையைத் தாண்டிவிடலாம். அங்கே உட்கார்ந்து போனில் 'தொழில்' பார்க்கலாம்.

இதற்கு நடுவில் நாம் 'கெத்து' என்று ஒரு வார்த்தையை வைத்திருக்கிறோம். 2015-ல் வந்த 'நானும் ரௌடிதான்' படத்தின் கதை நடப்பது பாண்டிச்சேரியில்தான். எனக்கும் பிடித்த படம். சினிமா பார்த்துத்தான் பசங்க கெடுகிறார்கள் என்ற பழைய பாட்டை நான் பாடப்போவதில்லை. ஆனால், பட்டாக்கத்தியில் கேக் வெட்டும் ரீல்ஸுக்கு லைக் போடுவது யார்? 2018 பிப்ரவரியில் சென்னைக்கு வெளியே மலையம்பாக்கத்தில் பினு என்ற ரவுடியின் பிறந்தநாள் பார்ட்டியைச் சுற்றிவளைத்து 70-க்கும் மேற்பட்டவர்களை ஒரே ராத்திரியில் பிடித்தார்கள். அது எவ்வளவு பெரிய வலை என்று யோசிக்காமல் மாசக்கணக்கில் மீம்ஸ் போட்டுக் கொண்டாடினோம்.

'அவங்களுக்குள்ள வெட்டிக்கிறாங்க'

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டை சோலை நகரில் ஒன்பது வயதுச் சிறுமி கொலையானபோது இந்த ஊர் எப்படி எழுந்தது என்று நேரில் பார்த்தேன். காலேஜ் பசங்க, இல்லத்தரசிகள், மீனவர்கள், வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். மார்ச் 8-ம் தேதி பந்த். 'கஞ்சாவை ஒழி' என்று பேசாத வாயில்லை. அது கேங் கொலை இல்லை. ஆனாலும் வருஷக்கணக்கில் அடக்கிவைத்திருந்த கோபம் எல்லாமே அன்றைக்கு வெளியே வந்தது.

அதற்குப் பதினோரு மாசம் கழித்து, 2025 பிப்ரவரி 14. ரெயின்போ நகரில் மூன்று இளைஞர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊரின் நட்டநடுவில். அவர்களில் ஒருவர், முன்னாலேயே கொலையான ஒரு ரவுடியின் மகன். அன்றைக்கு யார் தெருவுக்கு வந்தார்கள்? யாரும் இல்லை. டீக்கடை முதல் ஆபீஸ் வரை ஒரே வாக்கியம்தான் ஓடியது: "அவங்களுக்குள்ள வெட்டிக்கிறாங்க, நமக்கென்ன?"

இந்த வாக்கியம்தான் இந்த ஊரின் உண்மையான பொதுக்கருத்து என்று எனக்குத் தோன்றுகிறது. 2021 அக்டோபரில் வாணரப்பேட்டையில் வெடிகுண்டு வீசி இரண்டு பேரைக் கொன்றபோதும் இதையேதான் சொன்னோம். அப்பா கொலையானபோது ஒரு பையன் மிச்சமிருந்தான். 'அவங்களுக்குள்ள' என்ற கணக்கில் அவனையும் சேர்த்துவிட்டோம். ரெயின்போ நகரில் செத்தவர்களுக்கும் தம்பிகள், ஃப்ரெண்ட்ஸ் இருப்பார்கள். அவர்கள் இப்போது எந்த அண்ணன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறார்கள் என்று யாராவது விசாரித்தோமா?

சித்தப்பா சொன்ன என்கவுன்டருக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில், பெண் மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நாலு பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றபோது மக்கள் பூ தூவினார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்து, போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை, வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. நாலு பேரில் மூன்று பேர் மைனர்கள் என்றும் சொன்னது. தூவிய பூவைத் திரும்பப் பொறுக்க முடியாதே. பாண்டிச்சேரியில் இன்றைக்கு என்கவுன்டர் நடந்தாலும் சுடப்படப்போவது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த 19 வயதுப் பையனைத்தான். ஸ்டேஷனுக்கு வந்து ஜாமீன் எடுத்தவரை யாரும் சுட மாட்டார்கள்.

நீக்கக் கடிதம் என்னும் சாட்சி

சரி, கட்சிகள்? 2024 ஜூலை 5-ம் தேதி சென்னையில் பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலையானார். கைதுகள் தொடரத் தொடர அ.தி.மு.க, த.மா.கா, பா.ஜ.க, இளைஞர் காங்கிரஸ் என்று வரிசையாக அறிக்கை வந்தது. 'இன்னார் கட்சியின் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார்.' பாண்டிச்சேரியிலும் நாம் பார்த்துப் பழகிய அறிக்கைதான் இது. படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால், அது ஒரு ஒப்புதல் வாக்குமூலம் என்று யோசித்திருக்கிறீர்களா? நீக்க வேண்டுமென்றால் முதலில் சேர்த்திருக்க வேண்டும். பொறுப்பைப் பறிக்க வேண்டுமென்றால் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது யார், எதைப் பார்த்துக் கொடுத்தார் என்பது மட்டும் எந்தக் கடிதத்திலும் இருக்காது.

சட்டம் இதை ஓரளவு தொட்டிருக்கிறது. குற்ற வழக்கு உள்ள ஒருவரை வேட்பாளராக நிறுத்தினால் அதற்கான காரணத்தைக் கட்சி பேப்பரிலும் சமூக வலைதளத்திலும் வெளியிட வேண்டும், 'ஜெயிக்கக்கூடியவர்' என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பீகார் தேர்தலில் இதைச் சரியாகச் செய்யாத கட்சிகளுக்கு 2021-ல் அபராதமும் போட்டது. பா.ஜ.க, காங்கிரஸ் போன்ற கட்சிகளுக்கு ஒரு லட்சம் ரூபாய், சி.பி.எம்-முக்கும் தேசியவாத காங்கிரஸுக்கும் ஐந்து லட்சம். ஒரு தேர்தல் பேனர் செலவுகூட வராது. தேர்தல் ஆணையத்தின் ஆப்பில் வேட்பாளரின் வழக்கு விவரத்தைப் போனிலேயே பார்க்கலாம், பாருங்கள். கூடவே எந்த வழக்கு என்றும் படியுங்கள். மறியலில் உட்கார்ந்த வழக்கும் கொலை முயற்சி வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான். 2024 மக்களவையில் ஜெயித்த 543 பேரில் 251 பேர் மீது வழக்கு என்ற கணக்கிலும் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

ஆனால், நம்ம ஏரியா அண்ணன் அந்த ஆப்பில் இருக்கவே மாட்டார். அவர் வேட்பாளர் இல்லை. வேட்பாளர் வேனில் முன்னால் நின்று கை காட்டுகிறவர். இளைஞர் அணியில் ஏதோ ஒரு செயலாளர். அந்த நியமனத்துக்கு அஃபிடவிட்டும் கிடையாது, காரணமும் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் கட்சிகள் நிர்வாகிகள் பட்டியல் வெளியிடுகின்றன. ஓட்டு கேட்டு வருகிறவரிடம் நாம் பதிலாகக் கேட்கக்கூடிய ஒரே கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: 'உங்க பின்னாடி நிக்கிறவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்தது யாரு?' தனியாகக் கேட்க எனக்கும் பயம்தான். தெருவில் பத்து வீடு சேர்ந்து கேட்டால் என்ன ஆகும் என்று இதுவரை யாரும் முயற்சி செய்து பார்க்கவில்லை.

போன வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தெருமுனையில் அண்ணன் பிறந்தநாள் பேனர். (தடை இருக்கிறது. இருந்தும் வைத்திருக்கிறார்கள்.) நடுவில் அண்ணன், மேலே தலைவர்கள், கீழே 'இவண்' என்று போட்டு ஸ்டாம்ப் சைஸில் முப்பது, நாற்பது முகங்கள். போனில் போட்டோ எடுத்து ஜூம் பண்ணிப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுப் பையன். பெரியம்மாவிடம் காட்டினேன்.

"ஆமா, அவன்தான். நேத்து அவங்கம்மாவும் வந்து இதைக் காட்டிட்டுத்தான் போனா" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"போட்டோ நல்லா வந்திருக்குன்னா."

பையன் பிளஸ் ஒன் படிக்கிறான்.